94 தோல்விகளுக்குப் பிறகும் கைதட்டியவர்கள்



தோற்கும் அணியை விடாமல் ஆதரிப்பது விசுவாசமா, வீம்பா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய நண்பர் வீம்புதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். தோற்றாலும் கைதட்டுகிற ரசிகன் இருக்கும்வரை எந்த அணியும் திருந்தாது என்றார். நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். அவர் பேச்சுத் திறமைக்கு நானும் தட்டினேன். ஆனால், அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், நான் ஒரு காலத்தில் ஒரு அணியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடியவன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் அரசாங்கம் 1982இல் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யைத் தொடங்கியது. அதன் வழியாக உபகாரச் சம்பளம் பெற்று ஜப்பானுக்கு மேற்கல்விக்குச் சென்ற ஆயிரக்கணக்கான மாணவர்களில் நானும் ஒருவன். டோக்கியோவில் ஹோங்கோ என்ற பகுதியில் குடியிருந்தேன். அங்கேதான் டோக்கியோ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜப்பானியர்கள் சுருக்கமாகத் 'தோதாய்' என்பார்கள். நான் அங்கே படித்தவன் அல்ல. அந்தப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வைக் கனவில் எழுதினாலும் எனக்கு வியர்க்கும்! நான் படித்தது வேறிடம். ஆனால், என் வீட்டுக்குக் கீழே காகிதம், பேனா, நோட்டுப் புத்தகம் விற்கும் சிறிய கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். அவரும் தோதாயில் படித்தவர் அல்லர். உயர்நிலைப் பள்ளியோடு நின்றவர். இருந்தாலும், அந்தப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி என்றால் அவருக்கு உயிர்.

பேஸ்பாலைப் பற்றி இரண்டு வார்த்தை. கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீச, ஒருவர் அடிக்க, 9 இன்னிங்ஸில் கூடுதல் ஓட்டம் எடுத்த அணிக்கு வெற்றி. நம் ஊரில் காற்பந்து எப்படியோ, ஜப்பானில் பேஸ்பால் அப்படி. டோக்கியோவில் வசேதா, கெயோ, மெய்ஜி, ஹொசெய், ரிக்கியோ, தோதாய் என ஆறு பல்கலைக்கழகங்கள் 1925 முதல் ஒரு லீக் நடத்தி வருகின்றன. இளவேனிலில் ஒரு பருவம், இலையுதிர் காலத்தில் ஒரு பருவம். மெய்ஜி ஜிங்கூ அரங்கத்தில் ஆட்டம். ஓர் எதிரணியை இரண்டு முறை வென்றால் ஒரு புள்ளி.

மற்ற ஐந்து பல்கலைக்கழகங்களில் தேசிய அளவில் பெயர் எடுத்த பள்ளி ஆட்டக்காரர்கள் பலர் வந்து சேருவார்கள். தோதாயில் விளையாட்டுக்கென்று தனி வாசல் இல்லை. எல்லோரும் அந்தப் பயங்கரமான தேர்வை எழுதித்தான் உள்ளே வர வேண்டும். ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி படித்து, கையில் மட்டையையே தொடாமல், அதன் பிறகு வந்து சேருகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பையன்கள், நாளை தொழில்முறை அணிக்குப் போகப்போகும் பந்து வீச்சாளர்களுக்கு எதிரே நிற்க வேண்டும். முடிவு எப்படி இருக்கும்? 1946இல் ஒருமுறை இரண்டாம் இடம். 1981 இளவேனிலில் வசேதாவையும் கெயோவையும் மடக்கி நான்காம் இடம். ஜப்பானியர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். லீக் நூறாண்டைத் தொட்ட 2025 வரையில் தோதாய் ஒருமுறைகூட வெற்றிக் கிண்ணத்தைத் தொட்டதில்லை.

அந்தப் பெரியவர் என்னை முதன்முதலாக அரங்கத்துக்கு அழைத்துப் போன நாள் 2010 அக்டோபர் 2, சனிக்கிழமை. எதிரணி வசேதா. வீசியவர் சைத்தோ யூக்கி. 2006இல் உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் நாடே கொண்டாடிய பையன். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்க்க வந்தவர்கள். அன்று தோதாய் 4-2 என்று ஜெயித்துவிட்டது! பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றார். எனக்கோ ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. முதல் ஆட்டத்திலேயே வெற்றி, இந்த அணி நல்ல அணிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெற்றிக்கு நான்கரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

தோற்றார்கள். அடுத்த வாரமும் தோற்றார்கள். பருவம் முடிந்தது. 2011 முழுக்கத் தோற்றார்கள். ஒரு ஓட்டத்தில் தோற்றால் மனம் வலிக்கும், பதினைந்து ஓட்டத்தில் தோற்றால் சிரிப்பு வரும். பெரியவர் சிரிக்க மாட்டார். மடியில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு வீச்சையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வருவார். நண்பர் நினைப்பதுபோல் எல்லாவற்றுக்கும் கைதட்டுகிறவர் அல்லர். பந்து வீச்சாளர் நேராக வீசத் தெரியாமல் எதிரணியைச் சும்மா நடக்கவிட்டால், நாக்கைக் கடித்துக்கொண்டு திட்டுவார். மறுநாள் பயிற்சிக்குப் போகும் வழியில் கடைக்கு வரும் மாணவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். திட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அடுத்த வாரமும் வருவார் அல்லவா!

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அந்த அரங்கத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் உற்சாகப் படை இருக்கிறது. கொளுத்தும் வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சீருடை, பெரிய முரசு, வெளிர் நீலக் கொடி. அணி தோற்றால், ஆட்டக்காரர்கள் மோசம் என்று இவர்கள் சொல்வதில்லை. நாம் கொடுத்த உற்சாகம் போதவில்லை என்றுதான் பேசிக்கொள்வார்கள். முதலில் கேட்டபோது எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இந்தப் படையைப் பற்றி சைஷோ ஹாஸுகி என்ற எழுத்தாளர் 2003இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார் என்றால் பாருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. வென்ற பல்கலைக்கழகத்தின் படை, தோற்ற பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி உரக்க வாழ்த்தும். தோற்றவர்களும் எழுந்து நின்று வென்றவர்களை வாழ்த்துவார்கள். பதினைந்து ஓட்ட வித்தியாசத்தில் நொறுக்கிய அணி, 'தோதாய் வாழ்க' என்கிற பொருளில் கத்துவதை நினைத்துப் பாருங்கள். அது கேலியாக இருக்குமோ என்று பெரியவரிடம் கேட்டேன்.

"தம்பி, இந்த லீக்கில் கடைசியாக வந்தால் வெளியே தள்ள மாட்டார்கள். ஆறு பேர் என்றால் ஆறு பேர்தான். எங்களுக்கு மட்டுமா பொறுமை? அந்த ஐந்து பேருக்கும் பொறுமை உண்டு" என்றார்.

ஜப்பானில் கடைசி அணியைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடும் பல்கலைக்கழக லீக்குகளும் இருக்கின்றன. அந்த முறைதான் நியாயம் என்று வாதிடலாம். நானும் அப்படி வாதிட்டவன்தான். ஆனால், அன்று அவர் சொன்ன பிறகு என்னால் அவ்வளவு எளிதாக வாதிட முடியவில்லை.

சரி, நான் ஓடிய கதைக்கு வருகிறேன். படிப்பு முடிந்து 2011இல் அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சகப் பணியாளர்கள் பெரும்பாலும் மற்ற ஐந்து பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். திங்கட்கிழமை காலையில் என்னைப் பார்த்தாலே, "இந்த வாரம் எத்தனை?" என்பார்கள். முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன். 2012 இலையுதிர் காலத்தில், தொடர் தோல்வி நாற்பதைத் தாண்டிய சமயம், எனக்குச் சலித்துவிட்டது. நான் படித்த பல்கலைக்கழகமா, இல்லை. என் நாடா, அதுவும் இல்லை. எதற்கு இந்த அவமானம்? வேலை அதிகம் என்று பெரியவரிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் கடைக்கு முன்னால் போகாமல் பின்வழியாகப் போகத் தொடங்கினேன். 2014 தொடக்கத்தில் நாடு திரும்பிவிட்டேன்.

ரசிகர்கள் பொறுத்துக்கொண்டதால் அந்த அணி சும்மா கிடந்ததா? இல்லை. 2013இல் புதிய பயிற்றுநர் வந்தார். தொழில்முறை பேஸ்பாலில் கொடிகட்டிப் பறந்த குவாத்தா மசுமி, அதே ஆண்டு சிறப்புப் பயிற்றுநராக வந்து கற்றுக்கொடுத்தார். அப்படியும் உடனே பலன் இல்லை. 1987 முதல் 1990 வரை தோதாய் தானே வைத்திருந்த 70 தொடர் தோல்விகள் என்ற பழைய கணக்கையும் 2014இல் தாண்டினார்கள். திருந்துவதற்குக் காலம் பிடிக்கிறது. அதுவரை அந்தப் பையன்கள் யார் முன்னிலையில் ஆடுவது? காலி நாற்காலிகள் முன்னிலையிலா?

2015 மே 23, சனிக்கிழமை. ஹொசெய்க்கு எதிரான ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்கு நீண்டு, தோதாய் 6-4 என்று வென்றது. 94 தோல்விகளுக்குப் பிறகு ஒரு வெற்றி. நான் அன்று கோலாலம்பூரில், பேரங்காடி ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், கைப்பேசியில் அந்தச் செய்தியைப் படித்தேன். சந்தோஷப்படத்தான் நினைத்தேன். ஆனால், அந்தச் சந்தோஷம் எனக்குச் சேர வேண்டியதல்ல என்று உடனே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பருவத்திலும் தோதாய்க்குக் கடைசி இடம்தான், அது வேறு விஷயம்.

2018 செப்டம்பரில் வேலை நிமித்தம் டோக்கியோ போனேன். கடை இருந்தது. பெரியவரும் இருந்தார். அந்த வெற்றியைப் பற்றிக் கேட்டேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்தத் தேதியைக் காட்டினார். பக்கம் காலியாக இருந்தது! முழங்கால் வலி முற்றி, அந்த வாரம் மருத்துவமனையில் படுத்திருந்தாராம். அத்தனை தோல்விகளையும் உட்கார்ந்து எழுதியவர், வெற்றியைப் பார்க்கவில்லை. பத்திரிகையைப் பார்த்து நிரப்பியிருக்கலாமே என்றேன். "பார்த்ததைத்தான் எழுதுவேன்" என்றார். வருத்தம் இல்லையா என்றதற்கு, 2017 இலையுதிர் காலத்துப் பக்கங்களைப் புரட்டினார். மியாதாய் கோஹெய் என்ற இடக்கை வீச்சாளரின் பலத்தில் ஹொசெய்யை இரண்டு முறை வென்று, 15 ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு புள்ளி எடுத்த பருவம் அது. அந்தப் பையன் தோதாயிலிருந்து தொழில்முறைக்குப் போன ஆறாவது ஆள். அந்தப் பக்கங்களில் பென்சில் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

பின்வழியாகப் போனதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தெரியும், பின்பக்கம் ஜன்னல் இருக்கிறது" என்றார். மறுநாள் இருவரும் அரங்கத்துக்குப் போனோம். தோதாய் தோற்றது. கிளம்பும்போது கடையிலிருந்து ஒரு புது நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகும் தோல்விதான். இந்த முறை 64 வரை போனது. நான் வார இறுதிகளில் இணைய நேரலையில் பார்த்து, கோடு போட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன். 2021 மே 30, ஞாயிற்றுக்கிழமை. இங்கே இரண்டு நாளில் முழு முடக்கம் தொடங்கவிருந்தது. வீட்டில் எல்லோரும் கவலையோடு இருந்தார்கள். திரையில் அதே ஹொசெய், தோதாய் 2-0. கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது கை நடுங்கியது. பக்கத்தைப் படம் எடுத்து, பெரியவரின் பேத்தி எண்ணுக்கு அனுப்பினேன்.

இரவு பதில் வந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியிருக்கிறேனாம், அழித்துவிட்டுத் திருத்தச் சொல்லியிருந்தார்.