கடல்முனை ஈன்ற மறவர்



1964ஆம் ஆண்டுப் புயலில் ஊரழிந்து, மணலும் அலையுமாய் எஞ்சியது இத் தனுக்கோடி. இதே தீவின் இராமேச்சுரத்தில் 1972ஆம் ஆண்டு பிறந்தவர் மேசர் மாரியப்பன் சரவணனார். கடற்கரையில் பிறந்த அத் தமிழ்மகனார், பீகார்க் காலாட்படையணியின் அலுவலராய்ப் பனிமலை ஏறினார்.

1999, மே 29. கார்கில் போர். பட்டாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேற்பட்ட முகடு. மேலே அரண்களில் பகைவர். கீழிருந்து ஏறுவோர்க்கோ மறைவிடமில்லை. விடியுமுன் படைநடத்திச் சென்ற சரவணனார், ஏவுகலத்தால் பகையரணைத் தாக்கினார். வயிற்றில் விழுப்புண் பட்ட பின்னும் பின்வாங்காது பொருதே வீழ்ந்தார். அகவை 26. ஒரு திங்களுக்கு மேல் மலைமேற் கிடந்த பின்னரே அவர் உடல் மீட்கப்பட்டது. மறைவுக்குப் பின் இந்திய அரசு வீரச்சக்கர விருதளித்தது.

எண்ணிப் பாருங்கள்! வடவெல்லை காக்கத் தன் மகனைத் தந்தது இத் தீவு. இத் தீவின் மீனவனுக்கோ தன் வாயிற்கடலிலேயே காப்பில்லை. 1974இல் கச்சத்தீவு கைமாறிற்று. 1976இல் அக் கடலில் மீன்பிடி உரிமையும் போயிற்று. அதன்பின் இலங்கைக் கடற்படையின் குண்டுக்கு இரையான தமிழ் மீனவர் பலர். எல்லையைத் தமிழன் காத்தான். அவ்வெல்லை தமிழனைக் காக்க வேண்டாவா?

களத்தில் வீழ்ந்தோர்க்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதியது பழந்தமிழ் மரபு. சரவணனார் பெயரை உங்கள் பிள்ளைகளின் நெஞ்சில் எழுதுங்கள். இவ் வினாவையும் உடன் எழுதுங்கள்!