வைக்கிங் கப்பல்: கோடரியும் தறியும்



வைக்கிங் என்றதும் கி.பி. 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைச் சூறையாடியவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தக் கொடுமையை மூடி மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் மனிதர்களைப் பிடித்து அடிமைகளாக விற்றதும் உண்மை. ஆனால் அவர்களைச் சுமந்து சென்ற கப்பலைச் செய்த கைகள் யாருடையவை என்று நாம் போதுமான அளவு கேட்கவில்லை. இன்று அந்தக் கைகளைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நார்வேயின் கோக்ஸ்டாட் ஈமமேட்டில் 1880இல் ஒரு கப்பல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. களிமண்ணுக்குள் ஆயிரம் ஆண்டுகள் கிடந்தும் மரம் உளுத்துப்போகவில்லை. நீளம் சுமார் 23 மீட்டர். பக்கத்துக்குப் பதினாறு துடுப்புகள். அதன் பலகைகள் ரம்பத்தால் அறுக்கப்பட்டவை அல்ல. வெட்டிய ஓக் மரத்தை ஈரம் காயுமுன் ஆப்படித்து இரண்டாக, நான்காக, எட்டாக, பதினாறாகப் பிளந்து, கோடரியால் செதுக்கினார்கள். ரம்பம் நார்களைக் குறுக்கே வெட்டிவிடும். ஆப்போ நார் ஓடும் வழியிலேயே மரத்தைப் பிளக்கும். அதனால்தான் நீருக்குக் கீழே ஓர் அங்குலக் கனமே உள்ள பலகைகூட அலையைத் தாங்கியது.

அந்தப் பலகைகளை ஓடு வேய்வதுபோல் ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் படியும்படி அடுக்கி, இரும்பாணி அறைந்து, உள்பக்கம் வில்லை வைத்து ஆணிமுனையைத் தட்டி மடக்கினார்கள். இடுக்கில் தார் தோய்த்த கம்பளிமயிரோ விலங்குமயிரோ வைத்துக் கலப்பத்து செய்தார்கள். முதலில் எழும்பியது வெளிக்கூடு. உட்சட்டங்களான வங்குகள் பிறகே வந்தன. கோக்ஸ்டாட் கப்பலின் அடிப்பகுதியில் வங்குகள் பலகையோடு ஆணியால் இறுக்கப்படவில்லை, கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. இந்தக் கட்டு தந்த நெகிழ்ச்சியின் பயனை 1893இல் மாக்னுஸ் ஆண்டர்சன் அனுபவித்தே அறிந்தார். கோக்ஸ்டாட்டை ஒத்த கப்பலொன்றைக் கட்டி பெர்கனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தவர் அவர். அலையில் கப்பலின் மேல்விளிம்பு அரையடிவரை முறுக்கிக்கொண்டும் நீர் உள்ளே வரவில்லை என்று வியந்து எழுதினார்.

தச்சர்களைப் பாராட்டும் நூல்கள் பல உண்டு. கப்பலின் பாயைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. வைக்கிங் பாய் பெரும்பாலும் கம்பளி. வட நாட்டுப் பழைய இனச் செம்மறியின் உடலில் இருவகை மயிர் உண்டு. நீண்ட புறமயிரை முறுக்கி நூற்றுப் பாவாக்கினார்கள். மென்மையான உள்மயிர் ஊடையாயிற்று. தறியிலிருந்து இறங்கிய துணிமேல் கொழுப்பும் தாரும் பூசினால்தான் காற்று ஊடுருவாது. நார்வேயின் வடக்கே ட்ரொண்டெனஸ் தேவாலயக் கூரையில் இடுக்கடைக்கத் திணித்திருந்த கம்பளிப் பாய்த் துண்டுகள் கிடைத்தன. வைக்கிங் காலத்துக்குப் பிந்தியவை என்றாலும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு அவையே நேரடிச் சான்று.

ஒரு பெரிய கப்பலுக்கு நூறு சதுர மீட்டரை ஒட்டிய பாய் வேண்டும். கைத்தக்கிளியில் அத்தனை நூலையும் நூற்க எத்தனை பெண்கள், எத்தனை குளிர்காலங்கள்! அதே முறையில் நூற்று நெய்து பார்த்தவர்கள், பாய்க்கான உழைப்பு கப்பலின் தச்சு உழைப்புக்குக் குறைந்ததல்ல என்கிறார்கள். 1904இல் அகழப்பட்ட ஓசெபர்க் கப்பலில் புதைக்கப்பட்டிருந்தவர்கள் இரு பெண்கள். அவர்களோடு தறிகளும் நூற்புக் கருவிகளும் இருந்தன. கடலோடிய வரலாற்றில் பாதி அந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று துணிந்து சொல்வேன்.

திசையறியக் காந்த ஊசி வைக்கிங்குகளிடம் இல்லை. நார்வேயிலிருந்து கிரீன்லாந்துக்கு மேற்கே செல்லும் வழியை ஐஸ்லாந்தின் பழைய நூலொன்று விவரிக்கிறது: ஷெட்லாந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அதன் வடக்கே போக வேண்டும், ஃபரோ தீவுகளின் மலைகள் பாதிவரை கடலில் மூழ்கியதாகத் தோன்றும் தொலைவில் தெற்கே போக வேண்டும், ஐஸ்லாந்தின் பறவைகளும் திமிங்கிலங்களும் தென்படும் தொலைவில் அதையும் கடக்க வேண்டும். தலைமுறைகளின் அனுபவம் இந்த மூன்று குறிப்புகளில் அடங்கியிருக்கிறது. அந்த வழியையும் தாண்டி அவர்கள் நியூஃபவுண்ட்லாந்தை அடைந்தார்கள். அங்கே லான்ஸ் ஓ மெடோஸில் சதுப்பு இரும்பை உருக்கிய உலையும், படகு பழுதுபார்த்த தடயங்களும் உள்ளன. அங்குள்ள மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று 2021இல் நிறுவப்பட்டது.

டென்மார்க்கின் ரோஸ்கில்டே குடாவில் எதிரிகளைத் தடுக்கக் கல் நிரப்பி மூழ்கடித்த ஐந்து கப்பல்கள் 1962இல் மீட்கப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் போர்க்கப்பல், 1042ஆம் ஆண்டளவில் டப்ளின் வட்டாரத்து ஓக்கில் கட்டப்பட்டது. அதைப் போலவே இன்னொன்றை அக்காலக் கருவிகளால் கட்டி 2007இல் டப்ளினுக்குச் செலுத்தினார்கள். காற்றில்லாமல் வட கடலின் ஒரு பகுதியில் அதை வேறொரு கப்பல் இழுத்துச் செல்ல நேர்ந்தது. ஆனாலும் கடலில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஏடுகளால் சொல்லியிருக்க முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடல் வரலாற்றை ஆய்வுக்கு எடுப்பவர்கள் அரசர்களோடும் போர்களோடும் நின்றுவிடாதீர்கள். ஆணியையும் தாரையும் நூலையும் தேடிப் போங்கள். அப்படித் தேட முன்வரும் எவருக்கும் என்னிடமுள்ள குறிப்புகள் அனைத்தையும் தரக் காத்திருக்கிறேன்.