மழைத்தண்ணிதாங்க, ஐயா!

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

வேலையில் சாதித்ததைப் பேசச் சொன்னார்கள். நான் சறுக்கியதைப் பேசுகிறேன். படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் உதவும்.

1997 ஐப்பசி. சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு குளிர்பான ஆலையில் நான் ஷிப்ட் இன்ஜினீயர். ராத்திரி நல்ல மழை. சர்க்கரைப் பாகு டேங்கின் வால்வு கசிந்து தரையெல்லாம் பிசுபிசு. "ஹோஸ் போட்டுக் கழுவி விடுங்கப்பா" என்றேன். பக்கத்துக் கால்வாய் மூடி வழியாகப் பாகு போயே போச்சு. அது மழைநீர்க் கால்வாய். நேரே ஏரிக்குப் போவது. கழிவுநீர்க் கால்வாய்க்கும் அதே மாதிரி மூடிதான்!

மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கூடை நிறைய செத்த மீனோடு கேட்டுக்கு வந்துவிட்டார். "தம்பி, ஏரியில என்னத்த விட்டீங்க?"

"மழைத்தண்ணிதாங்க, ஐயா" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் குளிர்பானத்தில் சுமார் 100 கிராம் சர்க்கரை. அதை நுண்ணுயிர்கள் முழுக்கச் செரிக்க ஏறக்குறைய அதே எடை ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் ஏரி நீரில் கரைந்திருப்பதோ 8 மில்லிகிராம்தான். ஆக, ஒரு லிட்டர் பானம் 12,000 லிட்டர் நீரின் மூச்சை நிறுத்திவிடும். ஒரு தண்ணி லாரி அளவு! பாகு இன்னும் பல மடங்கு.

நம்ம பக்கத்து ஏரிகள் சங்கிலி மாதிரி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு. 1964-ல் தொழிற்பேட்டை வந்ததும் இந்தச் சரிவில்தான். கொரட்டூர் ஏரிக்குள் மழைநீர்க் கால்வாய் வழியாகக் கழிவு வருகிறது என்று குடியிருப்போர் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் போய் எண்ணூர் மீனவர்களின் படகையும் வலையையும் பாழாக்கியது.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் 40,000 லிட்டர். பத்து ஏக்கர் ஆலையில் 10 செ.மீ. பெய்தால் 40 லட்சம் லிட்டர். அவ்வளவையும் சுத்திகரிப்பு நிலையம் தாங்காது. அதனால் முதலிலேயே பிரிக்க வேண்டும்.

நாங்கள் பிறகு செய்தது இதுதான். கூரைத் தண்ணீரைத் தனிக் குழாயில் உறிஞ்சு கிணற்றுக்கு விட்டோம். பாகு, காஸ்டிக் சோடா டேங்குகளைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டி, மேலே கூரை போட்டோம். லாரி நிற்கும் முற்றத்தில் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, சோதித்த பிறகே வெளியே விட்டோம். கால்வாய்க் கடைசியில் ஒரு ஷட்டர். மழைநீர் மூடிக்கு நீலப் பெயிண்ட், கழிவுநீர் மூடிக்குச் சிவப்பு. பெயிண்ட் செலவுதான் எல்லாவற்றிலும் குறைவு. பலன் அதில்தான் அதிகம்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடினோமே! ஐப்பசியில் நாம் கெடுப்பதும் சித்திரையில் நாம் தேடுவதும் ஒரே தண்ணீர்தான்.

அந்தப் பெரியவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. "இப்பவாவது சொன்னியே. இனிமே விடாதே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாணவர்களே, நாளை நீங்கள் எந்த ஆலைக்குப் போனாலும், முதல் நாளே ஒவ்வொரு மூடியையும் காட்டி, "இது எங்கே போகுது?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.