பெயருக்கு உரியவர் சொல்லட்டும்

'இப்போதெல்லாம் வாயைத் திறந்தாலே குற்றமாகிவிடுகிறது' என்று யாராவது அலுத்துக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கவுண்டமணியும் செந்திலும் அன்று பேசியதை இன்று ஒரு படத்தில் பேச முடியுமா என்று கேட்பார்கள். நொண்டி என்று சொல்லாதே, அலி என்று சொல்லாதே, கருப்பி என்று சொல்லாதே, பிறகு எதைத்தான் சொல்வது என்பது அவர்கள் கேள்வி. ஆங்கிலத்தில் பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ் என்கிறார்களே, தமிழில் சிலர் அரசியல் சரித்தன்மை என்று எழுதுகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்த வருத்தம். 1991-ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், மகன் அல்ல, தந்தை புஷ், இதே வருத்தத்தை மேடையில் சொன்னார். பேச்சுரிமைக்கே இதனால் ஆபத்து என்றார்.

அதனால் இது அமெரிக்காக்காரர்கள் கிளப்பிவிட்ட விவகாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெயர் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். இந்த வழக்கு நம் சென்னையில் அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே, அதுவும் ஒரே குடும்பத்துக்குள், நடந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை அது. நேரம் குறைவுதான், இருந்தாலும் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

1893-ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். பத்திரிகைக்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைக் கேட்டு அவருடைய மக்கள் தலைகுனிய வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்ததோ, அந்தச் சொல்லையே பத்திரிகையின் நெற்றியில் அச்சடித்தார். பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது, நான் இன்னான் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்பேன் என்பது அவர் நிலை. அந்தப் பத்திரிகை 1900 வரை வந்தது.

அவருடைய சகோதரியை மணந்தவர் அயோத்திதாச பண்டிதர், சித்த வைத்தியர். அவருக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் உடன்பாடில்லை. அது எதிரிகள் நம்மீது சுமத்திய பெயர், அதை நாமே சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டார். பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்று தன் மக்களுக்கு வேறு பெயர்களை முன்வைத்தார். 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வாரப் பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆயிற்று. அந்தக் கட்டுரைகளை ஞான.அலாய்சியஸ் தொகுக்க, 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து நூலாகக் கொண்டுவந்தார்கள். நேயர்களே, கிடைத்தால் வாசித்துப் பாருங்கள். பெயர் என்பதை ஒரு மனிதர் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள முடியும் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

ஒருவர் பழைய பெயரை நிமிர்த்தி வைக்கப் பார்த்தார், மற்றவர் அதைக் கழற்றி எறியப் பார்த்தார். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த விவாதம் யாருக்குள் நடந்தது என்பதுதான். அந்தப் பெயரைச் சுமந்தவர்களே பேசினார்கள். 1922-இல், அவர்களில் ஒருவரான எம்.சி.ராஜா சென்னை சட்டமன்றத்தில் வலியுறுத்தியதன் பேரில், அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை வந்தது. கேட்டவர்கள் கேட்டார்கள், அரசு எழுதியது. அது அதோடு நிற்கவும் இல்லை. 1924-இல் அதே மன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத்தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக்கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம். பெயருக்குப் பின்னாலேயே கிணறும் வந்தது, கவனித்தீர்களா?

இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்றும் உண்டு. 1938-இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதா. அதில் தாழ்த்தப்பட்ட மக்களைக் குறிக்க ஹரிஜன் என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். காந்தியடிகள் அன்போடு பரப்பிய சொல், கெட்ட எண்ணமே கிடையாது. ஆனால் அம்பேத்கரின் கட்சி உறுப்பினர்கள், எங்களை என்ன பெயரில் அழைப்பது என்று எங்களைக் கேட்க வேண்டாமா என்று எதிர்த்தார்கள். பெரும்பான்மை கேட்கவில்லை. அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். அந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி மத்திய அரசே சொல்வதற்கு 1982 ஆயிற்று. அதே தவறு பிறகும் நடந்தது. 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கிய இளைஞர்கள் தங்களுக்குத் தாங்களே எடுத்துக்கொண்ட பெயர் தலித். 2018-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்தச் சொல்லைத் தவிர்க்குமாறு தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. மரியாதை என்ற பெயரில் மேலிருந்து வந்த திருத்தம் அது. எனக்கு அதில் மரியாதை தெரியவில்லை.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். நான் நீண்டகாலம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராக இருந்தவன். ராத்திரி ஷிஃப்ட்டில் மாவட்ட நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்க வேண்டும். விடுதிச் சோதனை என்று ஒரு செய்தி வந்தால் 'அழகிகள் கைது' என்று தலைப்பு வைப்பது அப்போதைய வழக்கம். யாரும் யோசிக்க மாட்டார்கள், கை தானாக எழுதிவிடும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உதவி ஆசிரியர் ஒரு நாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியர் மேஜைக்குப் போனார். "சார், இதுல அந்தப் பொண்ணுங்களோட படம் இருக்கு, பேர் இருக்கு, ஊர் இருக்கு. விடுதிக்கு வந்த ஆம்பளைங்க ஒருத்தர் பேர்கூட இல்லையே சார்?" என்றார். செய்தி ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "படத்தை எடுத்துடும்மா, தலைப்பையும் நீயே வேற வை" என்றார்.

கற்பழிப்பு என்ற சொல் செய்தித்தாள்களிலிருந்து மெல்ல மெல்லப் போனதும் இப்படித்தான். குற்றம் செய்தவன் ஒருவன், எதையோ இழந்தவளாக எழுதப்படுபவள் வேறொருத்தி. பெண்கள் அமைப்புகள் வருஷக்கணக்கில் கடிதம் எழுதியும் நேரில் வந்து பேசியும்தான் பாலியல் வன்கொடுமை என்ற சொல் பழக்கத்துக்கு வந்தது. தலைப்பில் எழுத்து கூடுகிறது, இடம் போதவில்லை என்று எங்கள் மேஜையில் முனகியவர்களும் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணின் தகப்பனார் காலையில் டீக்கடையில் அந்தத் தாளைப் பிரிக்கும்போது என்ன படிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்காக நாலு எழுத்து கூடினால் என்ன?

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா? மாறாது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. செய்தி சேகரிக்க ஒரு மாவட்ட அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 'மாற்றுத்திறனாளிகள் இந்தப் பக்கம் வரவும்' என்று ஒலிபெருக்கியில் மிகுந்த மரியாதையோடு அழைத்தார்கள். அந்தப் பக்கத்துக்கு ஏழெட்டுப் படிக்கட்டு, சாய்தளம் கிடையாது. மூன்று சக்கர வண்டியில் வந்த ஒருவர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயே காத்திருந்தார். இன்னொரு கிராமத்தில் ஒரு பாட்டி. "எங்க நொண்டிப் பய நல்லாப் படிப்பான் சாமி" என்று சொல்லிக்கொண்டே பேரனைத் தினமும் இடுப்பில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுபவர். அந்தப் பாட்டியை மேடையில் ஏற்றித் திட்டுவதற்குப் பெயர் அரசியல் சரித்தன்மை என்றால் அது எனக்கு வேண்டாம். சொல் தெரியாதவரிடம் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்தே இழிவுபடுத்துபவரைத்தான் கண்டிக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை எரிச்சல் என்று நினைக்கிறேன்.

இன்னொரு தடையும் சொல்கிறார்கள். எந்தப் புதுச் சொல்லும் கொஞ்ச நாளில் அழுக்காகிவிடுகிறதே என்று. உண்மைதான். சேரி என்று சொல்லக் கூசியபோது காலனி என்ற சொல் வந்தது. அரசு கட்டிக்கொடுத்த வீடுகள், அழகான புதுப்பெயர். நாளடைவில் அதுவும் வசையாகிவிட்டது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் படித்து முடித்த ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: "அண்ணே, வேலைக்கு மனு போடறப்ப எங்க வீட்டு அட்ரஸ் தர மாட்டேன். டவுன்ல இருக்கற ஃபிரெண்டு ரூம் அட்ரஸ்தான் தருவேன். காலனின்னு பாத்தாலே புரிஞ்சுக்குவாங்க." சொல்லின் மேல் குற்றமில்லை. ஊருக்குள் தனிச் சுடுகாட்டுப் பாதையும் தனி வரிசையும் இருக்கும்வரை, எந்தப் பெயரை வைத்தாலும் அந்த அழுக்கு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் பாதை சரியாகும்வரை பெயரைத் தொடவேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் சொல்ல முடியுமா? அவருக்கு நேர்முகத் தேர்வு அடுத்த வாரம்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். 2014-ஆம் ஆண்டு மூன்றாம் பாலினத்தவரை அங்கீகரித்த உச்சநீதிமன்றத்தின் நல்சா தீர்ப்பு பற்றியும், திருநங்கை என்ற சொல் எவ்வளவு சீக்கிரம் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது என்பது பற்றியும், ஆங்கிலத்தில் குயர் என்பதற்கு இணையான பால்புதுமையர் போன்ற சொற்களைத் தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது பற்றியும் பேச ஆசைப்பட்டேன். இன்னொரு நாள் வாய்த்தால் பேசுகிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல முடிவு, மனமார வரவேற்கிறேன். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஊராட்சிச் செயலர்கள், வார்டு உறுப்பினர்கள் யாராவது இருந்தால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்ப்பலகை எழுதுபவரை வரவழைப்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள். அங்கே இருக்கும் பெரியவர்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் என்ன பெயர் வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பெயர் பலகையில் ஏறும் என்று நம்புகிறேன். அப்படியே அந்தச் சுடுகாட்டுப் பாதையையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.