கழுவிய நீரில் கரைந்து போகும் செம்பு



துவாஸில் உலோக முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முலாம் பூசிய பொருளைக் கழுவிய தண்ணீரில் செம்பு, குரோமியம், நிக்கல் கலந்திருக்கும். அந்தத் தண்ணீர் என்னவாகிறது?

சோற்றுக்கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினால் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். உலோகம் அப்படியல்ல, அது இடம் மாறுமே தவிர அழியாது. நீர் மீட்பு ஆலைகளில் நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்களையே அது கொல்லக்கூடும். நியூவாட்டர் அந்த ஆலைகளிலிருந்துதான் கிடைக்கிறது. அதனால்தான் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் நீரில், லிட்டருக்குச் செம்பு 5 மில்லிகிராம், காட்மியம் 1 மில்லிகிராம் என்று இங்கே வரம்பு உண்டு.

வழக்கமாக, ரசாயனம் சேர்த்து உலோகத்தைச் சேறாக்கிப் பிரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சேற்றை எங்கே வைப்பது? தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவை விட்டுச் சென்றது. அது நிலத்தடி நீரைக் கெடுத்த கதை ஊரறிந்தது.

இங்கேதான் நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம் நம்பிக்கை தருகிறது. அதில் இரண்டு அறைகள். ஓர் அறையில் நுண்ணுயிர்கள் சாதாரணக் கழிவுநீரைத் தின்று எலெக்ட்ரான்களை விடுகின்றன. அவை கம்பி வழியாக அடுத்த அறைக்குப் போகின்றன. அங்குள்ள நீரில் கரைந்த செம்பு அவற்றைப் பெற்றுக்கொண்டு, தகட்டில் உலோகமாகவே படிகிறது. கூடவே சிறிது மின்சாரமும் கிடைக்கிறது. நச்சு மிகுந்த ஆறிணைதிற குரோமியமும் நச்சு குறைந்த வடிவுக்கு மாறும்.

நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் பெறலாம் என்று இங்கிலாந்தின் பாட்டர் 1911லேயே காட்டினார். 2010ல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 99 விழுக்காட்டுக்கும் அதிகமான செம்பை நீரிலிருந்து பிரித்தெடுத்தனர்.

ஆனால் அது ஆய்வுக்கூடக் கணக்கு. பட்டறையிலிருந்து நாள்தோறும் வெளியேறும் நீருக்கு இந்தக் கலம் ஈடுகொடுக்குமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். நிக்கலையும் துத்தநாகத்தையும் உலோகமாகப் பிரிக்க, பொதுவாக வெளியிலிருந்தும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. செம்பு நீரையும் குரோமிய நீரையும் தனித்தனித் தொட்டியில் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் பிரிப்பது கடினம். முதலாளிகள் தொட்டி கட்டித்தர வேண்டும். ஊழியர்கள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தயங்காமல் கேட்க வேண்டும். அந்த நீர் சுற்றிச் சுற்றி நம்மிடமே வருகிறது.