அழகான ஊரைக் காப்பது யார்?

விடுமுறையில் யாழ்ப்பாணம் போய்வருகிறவர்கள் மணற்காட்டுப் படங்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, வடமராட்சிக் கரையில், பாலைவனத்தில் ஒரு துண்டை வெட்டிக் கடலோரம் வைத்தது போன்ற இடம் அது. மணல் மேடுகள், மணல் மூடிச் சுவர்கள் மட்டும் எஞ்சிய பழைய அந்தோனியார் கோவில், பக்கத்தில் சவுக்கங்காடு. வந்துபோகிறவருக்கு அது ஒரு மாலைநேரக் காட்சி. அங்கே குடியிருக்கிற மீனவக் குடும்பத்துக்கோ அந்த மேடு கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கிற அணை. கிணற்றுக்கு நன்னீரைப் பிடித்து வைத்திருப்பதும் அந்த மணல்தான். லொறிகளில் மணல் அள்ளப்படுவதை எதிர்த்து அந்தக் கரையோர மக்கள் திரும்பத் திரும்பக் குரல் எழுப்புவது அதனால்தான். ஒரு மேடு கரைந்துபோனால் படமெடுக்க வந்தவர் அடுத்த மேட்டுக்குப் போய்விடுவார். குடியிருப்பவருக்குப் போக இடமில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு ரொறன்ரோவில் இருக்கும் நம்முடைய ரூஜ் பூங்காவைப் பற்றிப் பேசப் போகிறேன். ஓர் இடத்தின் அழகைக் கடைசிவரை காப்பாற்றுகிறவர்கள், அந்த இடம் கெட்டால் தங்கள் வாழ்வும் கெடும் என்ற நிலையில் அங்கே வாழ்கிறவர்கள்தான் என்பது என் வாதம்.

உடனே ஒரு மறுப்பு வரும். மனிதர் குடியிருக்கிற இடம்தானே முதலில் பாழாகிறது என்பார்கள். அதற்கு ராஜஸ்தானின் ஜெய்சல்மேரைச் சான்று காட்டுவார்கள். 1156இல் எழுந்த அந்தக் கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். மழை மிகக் குறைந்த தார்ப் பாலைவனம். பல நூற்றாண்டுகளாகக் கோட்டைக்கு வெளியே இருக்கிற கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். சுமந்து வந்த தண்ணீரை யாரும் வீணாக்குவதில்லை. பிறகு குழாய் வந்தது; சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதிகள் பெருகின. வடிகால் தாங்காத அளவு தண்ணீர் அடிமண்ணில் இறங்கி, கோட்டையின் அடித்தளமே இளகியது. கொத்தளங்கள் சில சரிந்தன. ஆபத்திலுள்ள நினைவுச் சின்னங்களின் பட்டியலில் 1996இல் அது சேர்க்கப்பட்டது. அங்கே கெடுதல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எட்டு நூற்றாண்டுக் குடியிருப்பால் அசையாத கோட்டை, வந்துபோகிறவர்களின் தேவைக்கேற்ப வாழ்க்கை மாற்றப்பட்ட சில பத்தாண்டுகளில் ஆட்டம் கண்டது. ஆகவே அந்தச் சான்று என் பக்கம்தான் நிற்கிறது.

இனி ரூஜ். ஒன்ராறியோ ஏரிக்கரைச் சதுப்பிலிருந்து வடக்கே ஓக் றிட்ஜஸ் மேட்டுநிலம் வரை, ரொறன்ரோ, மார்க்கம், பிக்கரிங், அக்ஸ்பிரிட்ஜ் என்று நான்கு நகரசபைகளைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கிற தேசிய நகர்ப்புறப் பூங்கா. கனடாவில் இந்த வகையில் இதுதான் முதலாவது. 2015இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. இவ்வளவு பெரிய நகரத்தின் விளிம்பில் இத்தனை நிலம் தானாக மிஞ்சியதாக நினைத்துவிடக் கூடாது, நேயர்களே. 1954இல் ஹேசல் சூறாவளி கனடாவில் 81 உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டது. அதன் பிறகும் ரூஜை வெற்று நிலமாகவே பார்த்தார்கள். பெயார் வீதியில் 1983 வரை நகரத்துக் குப்பையைக் கொட்டினார்கள். இன்று நாம் ஏறி நின்று ஏரியைப் பார்க்கிற பெயார் குன்று அந்தக் குப்பை மேடுதான். பள்ளத்தாக்கின் ஊடாக வேகச்சாலை போடவும் திட்டம் இருந்தது. 1975இல் ரூஜ் பள்ளத்தாக்கைக் காப்போம் என்று அமைப்பு ஒன்றைத் தொடங்கி இதையெல்லாம் எதிர்த்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள். அவர்கள் விடாமல் நின்ற இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1995இல்தான் மாகாண அளவில் ரூஜ் பூங்கா உருவானது.

எனக்கு இந்தப் பூங்காவில் மிகவும் பிடித்தது காடோ கடற்கரை போன்ற ஏரிக்கரையோ அல்ல, அதன் கமங்கள்தான். ஆகவே அங்கே சற்று நின்று பேச அனுமதியுங்கள். தேசியப் பூங்கா என்றால் மனிதரை வெளியேற்றி வேலி போடுவது என்ற எண்ணம் உலகெங்கும் உண்டு. ரூஜிலோ பூங்காவுக்குள்ளேயே சோளமும் காய்கறியும் விளைகின்றன. கனடாவின் முதல்தர விளைநிலம் அது. 1972இல் பிக்கரிங் விமான நிலையத்துக்கென்று மத்திய அரசு அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய 7,500 ஹெக்டேர் நிலத்தைக் கையகப்படுத்தியது. மக்கள் எதிர்ப்பால் 1975இல் திட்டம் நின்றது. நிலம் மட்டும் உரியவரிடம் திரும்பவில்லை. சொந்த நிலத்தில் விதைத்தவர்கள் ஓராண்டுக் குத்தகைக்காரர் ஆனார்கள். ஓராண்டுக் குத்தகை என்றால் என்ன என்று நம்மில் கமம் செய்த குடும்பத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவர் கூரை வேயமாட்டார், வாய்க்கால் வெட்டமாட்டார், மரம் நடமாட்டார். பல தலைமுறையாக அங்கே இருந்தவரைக்கூட அந்த ஒரு வரி ஒப்பந்தம் வந்துபோகிறவராக மாற்றிவிட்டது. தேசியப் பூங்கா வந்தபின், அதன் எல்லைக்குள் வந்த நிலங்களுக்கு, பூங்காவை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடா குத்தகைக் காலத்தை 30 ஆண்டு வரை நீட்டியது. அதன் பிறகு அதே கமக்காரர்கள் பூங்காவோடு சேர்ந்து தங்கள் வயலோரங்களில் ஈரநிலங்களை மீட்கவும் மரம் நடவும் முன்வந்திருக்கிறார்கள். நிலமும் அதே, மனிதரும் அதே. மாறியது தங்கியிருக்கலாம் என்ற உறுதி மட்டும்தான். அந்த விமான நிலையத் திட்டமோ 2025 ஜனவரியில், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, முற்றாகக் கைவிடப்பட்டது.

பூங்காவுக்குள் கமமா என்று சூழலியலாளர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதற் சட்டம் இயற்கையின் நலனை உறுதியாக முன்வைக்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். 2017இல் சட்டத்தைத் திருத்தி அதற்கு முதலிடம் கொடுத்தார்கள். கமமும் தொடர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விரட்டவில்லை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் வீடு வாங்க முடியாமல் தவிக்கும்போது ஆமைக்கும் சோளத்துக்கும் இவ்வளவு நிலமா என்று கேட்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். வாடகையின் சுமை நம் வீடுகள் எல்லாவற்றிலும் தெரிகிறது. இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 2022 கடைசியில், பூங்காவை ஒட்டிய டஃபின்ஸ் ரூஜ் வேளாண் காப்புநிலத்தை ஒன்ராறியோ அரசு, கட்டுமானம் தடுக்கப்பட்ட பசுமை வளையத்திலிருந்து வெளியே எடுத்தது. ஆனால் அதே அரசு அமைத்த வீட்டுவசதிப் பணிக்குழு, நிலப் பற்றாக்குறை இந்த நெருக்கடிக்குக் காரணமில்லை என்று அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. நிலங்களைத் தெரிவுசெய்த முறை சில கட்டட நிறுவனங்களுக்குச் சாதகமாக இருந்தது என்று 2023இல் மாகாணக் கணக்காய்வாளர் கண்டறிந்தார். செப்டெம்பரில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. வீடு தேவை. அதை ஏற்கெனவே சாலையும் குழாயும் பஸ்ஸும் உள்ள ஸ்காபரோ வீதிகளில் உயர்த்திக் கட்டலாம். முதல்தர விளைநிலத்தை ஒருமுறை தார் போட்டு மூடினால் அதை மீட்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

வந்தேறிய நமக்கு இந்த மண்ணைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று தயங்குகிறவர்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ரூஜ் ஆற்றருகே கானட்செக்வயகொன் என்ற செனெகா மக்களின் ஊர் இருந்தது. அது இருந்ததாகக் கருதப்படும் பீட் ஹில் இன்று தேசிய வரலாற்றுத் தலம். பூர்வகுடிகளின் ஆலோசனைக் குழு பூங்காவின் முடிவுகளில் இப்போதும் பங்கெடுக்கிறது. அவர்களுடைய முன்னுரிமையை மதிப்பதும், இங்கே வாழ்கிறவர் என்ற பொறுப்பை நாம் ஏற்பதும் ஒன்றுக்கொன்று முரணில்லை. ரூஜை ஒட்டிய ஸ்காபரோவில் நம்மவர்கள் பெருந்தொகையாக வாழ்கிறோம். 2015 முதல் இந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் தமிழர். இனியும் நாம் ஞாயிறு மத்தியானம் கறி வாட்டிவிட்டுத் திரும்புகிற விருந்தினராக மட்டும் இருப்பது போதாது.

நேரம் நெருங்கிவிட்டது. பிளாண்டிங் ஆமையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஆற்றில் அற்றுப்போகும் நிலையில் இருந்த அந்த ஆமையை, 2014 முதல் ரொறன்ரோ உயிரியல் பூங்காவும் பார்க்ஸ் கனடாவும் குஞ்சுகளாக வளர்த்து ஈரநிலத்தில் விட்டுவந்திருக்கின்றன. அது முட்டையிடும் பருவத்தை எட்டவே ஏறத்தாழ இருபது ஆண்டு செல்லும். எண்பது வயது வரை வாழும். ஜூன் மாதத்தில் முட்டையிட இடம் தேடி ஆமைகள் வீதியைக் கடக்கும். ஆகவே அந்த நாட்களில் பூங்கா வீதிகளில் தயவுசெய்து மெதுவாக ஓட்டுங்கள். செடி பறிக்காதீர்கள், கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பூங்காவின் எதிர்காலத் திட்டம் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது, ஆங்கிலம் தடுமாறினாலும் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி எழுதுங்கள். இலையுதிர்கால நிறங்களுக்கு மட்டும் போகாமல் நவம்பரிலும் மார்ச்சிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. உயிரியல் பூங்காவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால், இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே நடைபாதை தொடங்குகிறது.