தரையில் நின்றவர்கள்

(கோபர்கைரனே கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



விமானப்படை என்றதும் விமானிதான் ஞாபகத்துக்கு வருவார். நான் விமானி அல்ல. தாம்பரத்தில் பயிற்சி பெற்று ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக வேலை பார்த்தவன். "பையன் ஸ்பானர் பிடிக்கிறானா?" என்று உறவினர்கள் என் தகப்பனாரைக் கேட்டதுண்டு. அந்த ஸ்பானர் பிடித்தவர்களின் சரித்திரத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் மும்பையில் தொழில் நடத்திய வால்சந்த் ஹீராசந்த், 1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கினார். மைசூர் சமஸ்தானம் நிலம் கொடுத்தது. விமானம் கட்டுவதுதான் உத்தேசம். யுத்தம் குறுக்கிட்டது. 1943-ல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவ விமானப்படையின் பொறுப்புக்குப் போய், 84-வது ஏர் டிப்போ ஆயிற்று. டகோட்டா, லிபரேட்டர், கேடலினா என்று பலவகை விமானங்கள் அங்கே பழுது பார்க்கப்பட்டன. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள்.

கற்றது வீண் போகவில்லை. யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் ஏராளமான லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, இனி யாருக்கும் உதவாதபடி சிதைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூர்த் தொழிலாளிகள் அங்கே போய், ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்கு அவற்றைத் தேற்றினார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி ஓட்டி வந்தார். பெங்களூரில் முழுமையாகச் செப்பனிட்டார்கள். இப்படிப் பிழைத்தவை சுமார் 40. 1948 நவம்பரில் 5-வது ஸ்குவாட்ரன் இவற்றைக் கொண்டே ஆரம்பமாயிற்று. 1968 வரை இவை நம் விமானப்படையில் இருந்தன. அவற்றில் ஒன்று இன்று இங்கிலாந்தில், ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் நிற்கிறது. உடைத்தவர்கள் ஊரிலேயே!

முன்ஷி எதை நம்பி அந்த விமானங்களில் ஏறினார்? ஃபிட்டர்களின் வார்த்தையை நம்பித்தான்.

அந்த நம்பிக்கையின் கனம் எனக்கு 22 வயதில் புரிந்தது. ஒரு நாள் மாலை வேலை முடித்து டூல் பாக்ஸை எண்ணினேன். ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைந்தது. விடியற்காலையில் விமானம் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னால் ஃபாரம் 700 என்ற பதிவேட்டில் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். பேசாமல் போட்டிருந்தால் அன்று யாருக்கும் தெரிந்திராது. பயந்துகொண்டே சார்ஜெண்டிடம் போய்ச் சொன்னேன். ராத்திரி முழுக்கப் பலகைகளைக் கழற்றித் தேடினோம். இறக்கையைத் திருப்பும் கேபிள் ஓடும் இடத்தில் கிடந்தது.

எனக்குத் தண்டனை கிடைத்தது. நியாயம்தான். காலையில் விமானி வந்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். அதன் கீழ் தன் கையெழுத்தைப் போட்டார். ஒன்றும் பேசாமல் ஏறிப் போனார். அவர் திரும்பி வந்து இறங்கும் வரை நான் ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில், நாசிக் அருகே ஓஜரில் விமானப்படையின் 11-வது பேஸ் ரிப்பேர் டிப்போ இருக்கிறது. மிக்-29, சுகோய்-30 விமானங்களைப் பிரித்துச் செப்பனிடும் இடம். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது இந்த வேலைக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். மேலே போனவர் பத்திரமாக இறங்குவது, கீழே நிற்பவனின் நாணயத்தால்.

ஜெய் ஹிந்த்.